கொழுப்பு ஜாஸ்தி

அடையாறில் எடை குறைக்க ஆலோசனை தரும் கிளினிக்கில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் வயிற்றுப் பொத்தான்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. டப்பாவிலிருந்து வெள்ளரித் துண்டு ஒன்றை எடுத்து, கண்ணை மூடி வெகுநேரம் மென்றார்.

"மனசுக்குள்ள மெதுவடைன்னு நினைச்சுக்குவேன் சார்."

"சுகரா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. சம்சாரத்துக்கு லிவர் கெட்டுப் போச்சு. என்னுதுல பாதியைக் குடுக்கலாம்னா, அதுல கொழுப்பு படிஞ்சிருக்காம். குறைச்சுட்டு வாங்கன்னுட்டாரு டாக்டர். 'உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி'ன்னு அவ கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றா. நான்தான் நம்பல."

சிரிக்கலாமா என்று தெரியாமல் விழித்தேன். அவரே சிரித்தார்.

உள்ளே போய் எடை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"ரெண்டு கிலோ போச்சும்மா!"

"பொய் சொல்லாதீங்க. நேத்து தெருமுனையில போண்டா தின்னீங்களா, இல்லையா?" ஸ்பீக்கரில் ஒரு பலவீனமான குரல் அதட்டியது.

"சாமி சத்தியமா இல்ல," என்று எழுந்து நின்றே சொன்னார்.

கல்லீரலில் பாதியை அறுத்துக் கொடுக்கத் துணிந்த மனிதர், ஒரு போண்டாவுக்கு அப்படி நடுங்கியதுதான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.