படத்துக்காக இருந்த விரதம்

கடல் கடந்த தீவொன்றின் ரோஸ் பெல் கரும்புத் தோட்டத்தில் களை வெட்டும் பூங்காவனத்துக்கு ஓயாத இருமல். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துவிட்டு, "முடிவு வந்ததும் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அந்த 1950களில் காசநோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அவள் தன் தட்டையும் தம்ளரையும் பேசாமல் தனியே எடுத்துவைத்தாள். கைக்குழந்தையைத் தூக்குவதை விட்டாள்.

வாரங்கள் போயின, ஆள் வரவில்லை. முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டு, அந்தத் தீவுத் தமிழர்கள் காரெம் என்று சொல்லும் விரதத்தைத் தொடங்கினாள். ஊரார் பத்து நாள் இருப்பதை இவள் பிடிவாதமாக ஒரு மாதம் இருந்தாள், அதுவும் ஒரு வேளைச் சோற்றில். ரவிக்கை தொளதொளத்தது. "நீ கரைஞ்சு போற. அந்த நோய்தான் இது" என்று கணவன் மருதை அழுதான்.

காவடி முடிந்த பிறகுதான் அழைப்பு வந்தது. படத்தில் ஒன்றுமில்லை என்ற டாக்டர், அவளை எடை பார்த்ததும் முகம் மாறினார்.

"ஏன் இப்படி இளைச்சுட்ட?"

"காரெம் இருந்தேன், டாக்டர். உங்க படத்துக்காகத்தான்!"

அவர் நம்பவில்லை. "இன்னொரு படம் எடுக்கணும். சொல்லி அனுப்புறோம்."

வாசலில் மிளகாய் வடை விற்றார்கள். ஒரு பொட்டலம் வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றாள்.

"முருகா, இந்தத் தடவை தின்னுக்கிட்டேதான் காத்திருப்பேன்."

உடன் வந்த மருதை ஒரு வடைக்குக் கை நீட்டினான். தன் எச்சில் பட்ட பொட்டலத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.