நீர்யானைக்குத் தெரிந்தவர்

லிஃப்ட் மெக்கானிக்கின் பர்ஸைத் திறந்தால் முதலில் தெரிவது மிருகக்காட்சிசாலையின் வருடாந்திர பாஸ். அதற்குப் பின்னால், கொஞ்சம் மடங்கிப்போய், அவர் மனைவியின் புகைப்படம். "எனக்கு முன்னாடி யாரு உக்கார்ந்திருக்கான்னு பாருங்க" என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிச் சிரிப்பாள். அதில் பாதி சிரிப்பு, பாதி வயிற்றெரிச்சல்.

வாரத்தில் ஒரு நாள் மனிதருக்கு விடுமுறை. அந்த நாளில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். மிருகக்காட்சிசாலையின் கதவு திறக்கும் நேரத்துக்கு அது தானாகவே தேறியும் விடும்.

இந்தப் பைத்தியம் அவர் ஒருவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கதவு திறக்கும் முன்பே வந்து நிற்கும் ஒரு சின்னக் கூட்டம் உண்டு. சிங்கம், புலியை இவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதெல்லாம் லீவுக்கு வரும் கும்பலுக்கு. அம்புக்குறி காட்டும் பாதையில் நடப்பது இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். கூண்டு என்ற சொல் வாயில் வராது, வீடு என்றுதான் சொல்வார்கள். கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஒட்டகச்சிவிங்கிக்கு வாசனை ஆகாது என்று முகத்துக்குப் பவுடர்கூடப் போடாமல் வருவார். அவருக்குப் பெயரே ஒட்டகச்சிவிங்கி டீச்சர் என்றாகிவிட்டது. இன்னொருவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஆந்தையின் ரசிகர். இதுவரை அது அவருக்காக ஒரு கண்ணைத்தான் திறந்திருக்கிறது. மற்றதற்காக இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

"உங்க ஆளு எப்படி?" என்பதுதான் இவர்களுடைய காலை வணக்கம். "நேத்து சரியாச் சாப்பிடலையாம்" என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

இவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கையில் தீனி இல்லாமல், இருப்பதுபோல் காட்டி மிருகத்தை ஏமாற்றக் கூடாது. ஒருமுறை ஒரு ஆள் வெறும் காகிதத்தைச் சுருட்டிக் குரங்கிடம் நீட்டிவிட்டு, அது ஓடி வந்ததும் கையை இழுத்துக்கொண்டு சிரித்தான். மெக்கானிக் வழிமறித்து நின்றுவிட்டார். "குரங்குகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போங்க." அந்த ஆள் கேட்டுவிட்டுத்தான் நகர முடிந்தது. குரங்கு மன்னித்ததா என்று தெரியவில்லை.

வேலையிலும் இதே புத்திதான். லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார், அப்படிப்பட்ட காது. மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து கத்தினால், கதவிடுக்கில் வாயை வைத்து, "தட்டாதீங்க, பக்கத்துல இருக்கிறவங்க மிரண்டுடுவாங்க. குட்டிங்க இருந்தா நடுவுல விட்டுக்கோங்க" என்பார். வெளியே வந்த யாருக்கும் இந்த மனுஷன் தங்களை என்னவென்று நினைத்துப் பேசினார் என்று புரிந்ததில்லை.

ஆனால் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாய்க்காத ஒன்று அவருக்கு வாய்த்திருந்தது. அவருடைய ஆளுக்கு அவரைத் தெரியும்.

நீர்யானைக் குளத்துக்கு வந்து, எவர்சில்வர் சாப்பாட்டு அடுக்கைத் தடுப்புச்சுவரின் மேல் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான். தண்ணீருக்கு மேலே இரண்டு காது வரும், இரண்டு கண் வரும், பிறகு அந்த மலை உடம்பு முழுவதும் கரையேறி நேராக அவரை நோக்கி வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். "வந்துட்டியா, மகாராணி?" என்பார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அது திரும்பிப் போகும். டீச்சருக்குக் கண் கலங்கிவிடும். ஒட்டகச்சிவிங்கி அவரை ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை, பாவம்.

எல்லாம் தன் பழுப்புச் சட்டையின் மகிமை என்பது மெக்கானிக்கின் முடிவு. முதன்முதலில் அது கரையேறி வந்த அன்று போட்டிருந்த சட்டை. மாற்றினால் அடையாளம் தெரியாமல் போய்விடுமே என்று, காலர் நைந்து, முழங்கை கிழிந்து, மனைவி ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தும் விடுவதாக இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவர் மனைவியின் தம்பி வந்திருந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பமாட்டான்.

"காது குத்தாதீங்க மாமா. எதிர்வீட்டுக்காரருக்கே உங்களைத் தெரியாது, நீர்யானைக்குத் தெரியுமா?"

"வந்து பாரு, மச்சான்."

"வரலைன்னா?"

"வரலைன்னா, இந்த மாசம் முடியுற பாஸை நான் புதுப்பிக்க மாட்டேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாறினா என்னன்னு கேளு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த ஒரு நாள் இல்லையென்றால் வாரத்தின் மற்ற நாட்களெல்லாம் எதற்கு? ஆனாலும், மகாராணி கைவிடாது என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

விடுமுறை நாளன்று மனைவியும் கிளம்பினாள். இத்தனை வருடத்தில் இதுதான் முதல்முறை. மூன்று பேருக்கு அடுக்கு போதாதென்று பிளாஸ்டிக் டப்பாக்களில் சாப்பாட்டை அடைத்துத் துணிப்பையில் எடுத்துக்கொண்டாள். மெக்கானிக் பழுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பட்டனையெல்லாம் சரிபார்த்துக்கொண்டு வந்தார்.

குளத்தருகே நின்று செருமினார். தண்ணீர் அசையவில்லை. இன்னும் பலமாகச் செருமினார். சட்டை நன்றாகத் தெரியட்டும் என்று கையை விரித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் நடக்கவில்லை.

"மாமா, இருமல் மருந்து வாங்கிட்டு வரட்டுமா?" என்றான் மைத்துனன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து உள்பக்கமிருந்து கீப்பர் தீனி வாளியோடு வந்தார். வாளியைக் கல்தரையில் வைத்ததும் அதன் கைப்பிடி சரிந்து விளிம்பில் 'டணங்' என்று மோதியது. உடனே இரண்டு காது, இரண்டு கண். மகாராணி கரையேறி, அதே நடை நடந்து, அதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கீப்பர் முன்னால் போய் நின்றது.

மெக்கானிக் அந்த வாளியையே பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். வாரா வாரம் அடுக்கைச் சுவர்மேல் வைக்கும்போது அதன் கைப்பிடி விழுகிற சத்தம். ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் போடும் சத்தம் அத்துப்படியான காதில், தன் கையிலிருந்த பாத்திரத்தின் சத்தம் மட்டும் இத்தனை நாள் விழவே இல்லை!

தின்று முடித்த நீர்யானை மறுபடி தண்ணீருக்குள் போனது. விஷயம் தெரியாத ஒட்டகச்சிவிங்கி டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "வந்துதா சார்? வந்துதா? இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று தன் எவர்சில்வர் அடுக்கை அவர் கையில் திணித்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"டீச்சருக்காக இன்னொரு சான்ஸ் தரேன் மாமா" என்றான் மைத்துனன், பெரிய மனசோடு.

அடுக்கு கையில் இருக்கிறது. சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. சும்மா வைத்தால் போதும். மைத்துனன் வாயடைத்துப் போவான், பாஸ் பிழைக்கும், டீச்சர் கண் கலங்குவார், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கை தானாகவே சுவர்வரை போனது.

அங்கேதான் அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஒவ்வொரு வாரமும் சாப்பாடு வந்துவிட்டது என்று நம்பி அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. வாயைத் திறந்து காத்திருந்துவிட்டு, வெறுங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. குரங்கிடம் மன்னிப்புக் கேட்க வைத்த பெரிய மனிதர் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருந்தது என்ன?

கைப்பிடி சத்தம் போடாமல் விரல்களால் இறுக்கிப் பிடித்து, அடுக்கைக் குனிந்து புல்லின்மேல் வைத்தார்.

"தோத்துட்டேன், மச்சான்."

மைத்துனன் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. அவள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசம் முடிந்தது, பாஸும் முடிந்தது, அடுத்த விடுமுறை நாள் வந்தது. மெக்கானிக் வீட்டில் இருந்தார். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல், திரும்பும் இடத்தில் தலையை ஒரே மாதிரி ஒரு ஆட்டு ஆட்டி மறுபடி நடை. மனைவி ஒரு தட்டில் பிஸ்கட் வைத்துப் பார்த்தாள். குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

"கொஞ்சம் நில்லுங்க, எனக்குத் தலை சுத்துது. அந்த அடுக்கைச் சத்தமா வெச்சிருந்தா வந்திருக்கும், இல்ல?"

அவர் திகைத்து நின்றார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் அதைக் கழுவுறது யாரு? அந்தக் கைப்பிடிச் சத்தம் எனக்குத் தெரியாதா? வெச்சு ஜெயிச்சிருக்கலாமே."

"வெச்சிருந்தா மறுபடியும் ஏமாத்தின மாதிரி ஆயிருக்கும்மா. என்னைப் பார்க்கத்தான் வருதுன்னு நினைச்சேன். பசியில வந்திருக்கு, பாவம்." சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அவள் உள்ளே போய் இரண்டு பாஸ்களோடு வந்தாள். ஒன்றில் அவர் படம், ஒன்றில் அவள் படம்.

"பந்தயம் கட்டினேனே" என்றார்.

"நீங்க புதுப்பிக்க மாட்டேன்னுதானே சொன்னீங்க? நீங்க புதுப்பிக்கலையே, நான்தானே புதுப்பிச்சேன். தம்பி கேட்டா நான் பேசிக்கிறேன். கிளம்புங்க."

கையில் கிடைத்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். இருவரும் குளத்தருகே செருப்பொலிகூடக் கேட்காமல் போய் நின்றார்கள். தண்ணீர் அமைதியாக இருந்தது.

"திரும்பிக்கூடப் பார்க்கலையே" என்றாள் அவள் மெதுவாக. "வருத்தமா இல்லையா?"

"இருக்கு" என்றார்.

அப்போது குளத்தின் நடுவில் மகாராணியின் மூக்கு மட்டும் மேலே வந்தது. கண் மூடியே இருந்தது. ஒரு நீண்ட மூச்சை விட்டுவிட்டு மெல்ல அமிழ்ந்தது. சற்றுநேரம் கழித்து மறுபடி அதேபோல் வந்தது, மூச்சுவிட்டது, இறங்கியது. மெக்கானிக் தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவர் வந்து நின்ற போதெல்லாம் அது எழுந்துதான் நின்றிருக்கிறது.

மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"தூங்குது" என்றார், காற்றாகப் போகும் குரலில். "இது தூங்கி நான் பார்த்ததே இல்லைம்மா."

அவள் பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.