வயிறு மூடாத எட்டு

கல்முனைக் கரையோரத்தில் சத்தம் பிடிக்காத மனிதர் ஒருவரைக் காட்டச் சொன்னால் தயங்காமல் மீராமுகைதீனைக் காட்டலாம். வீட்டில் பிளெண்டர் ஓடினால் வாசலுக்கு இறங்கிவிடுவார். மின்விசிறி கிறீச்சிட்டால் எண்ணெய்க் குப்பியோடு கதிரையில் ஏறுவார். அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பதினேழு வயது; ஆனாலும் அது பின்னால் வருவது வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்குக்கூடத் தெரியாது. ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் அவர் குரலை உயர்த்திக் கதைத்ததற்குச் சாட்சி இல்லை.

சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைவரை தூங்கும் பிள்ளைகளை எழுப்பிவிடும் மோட்டார் சைக்கிள் பைப்புகள் எல்லாவற்றையும் செய்தவரும் இவர்தான்.

இதில் முரண் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. “இறைச்சிக் கடைக்காரன் மூணு நேரமும் இறைச்சியா தின்னுறான்?” என்று கேட்பார். கேட்டுவிட்டு வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொள்வார். அதற்குப் பிறகு அவரோடு வாதிட முடியாது. தீப்பொறி பறக்கும்.

கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய பட்டறை இருக்கிறது. ஆரம்பத்தில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும்தான் அடித்தார். எட்டு வருடங்களுக்கு முன்னர் ஓர் இளைஞன் புத்தம்புதிய மோட்டார் சைக்கிளோடு வந்து, அது சத்தமே போடுதில்லை என்று நோயாளியைக் கொண்டுவந்தவன் மாதிரி முறைப்பட்டான். மீராமுகைதீன் கம்பனி சைலன்சரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தகட்டுத் தட்டுகள், ஓட்டைகள், வலைகள். சத்தத்தையும் புகையையும் பிடித்துவைக்க ஜப்பான்காரன் பட்ட பாடு அத்தனையும் தெரிந்தது. அதை மரியாதையோடு சுவரில் தொங்கவிட்டார். வெளித்தோற்றத்தில் அதைப் போலவே, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பைப்பை மெல்லிய தகட்டில் செய்து மாட்டினார். இளைஞன் கிளப்பினான். எதிர்வீட்டுக் கோழிகள் மதிலேறின.

வயிற்றுக்குள் ஒன்றுமில்லாத அந்தச் சாமானுக்குப் பெடியன்கள் ‘நோன்புப் பைப்பு’ என்று பெயர் வைத்தார்கள். நோன்பாளியிடம் இருக்கவேண்டிய அடக்கம் மட்டும் அதனிடம் இல்லை.

கழற்றிய சைலன்சர் ஒன்றையும் அவர் எறியவில்லை. சொந்தக்காரனின் பெயரைச் சோக்குக்கட்டியால் எழுதிப் பட்டறைச் சுவரில் தொங்கவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. வருடத்துக்கு ஒருதரம் புகைப் பரிசோதனை வரும். அன்று காலையில் பெடியன் வருவான், கம்பனி சைலன்சரை மாட்டுவான், பரிசோதனையில் தேறுவான், சான்றிதழை வாங்குவான், அஸர் தொழுகைக்கு முன்னர் திரும்பிவந்து நோன்புப் பைப்பை மாட்டிக்கொள்வான். இப்படி எங்கள் ஊர் வாகனங்கள் வருடத்தில் ஒருநாள் சுத்தமாக மூச்சுவிட்டன. மிச்ச நாட்களில் மருதமுனைத் தறிக்காரி சுல்பிகா வெள்ளை நூலைக் காயப்போட்டுச் சாம்பல் நூலாக எடுத்தாள். இஷாத் தொழுகையில் இமாம் மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்று தடுமாறினார். மகஜர்கள் எழுதப்பட்டன. அவற்றில் முதல் வரிசைத் தொழுகையாளி என்ற முறையில் மீராமுகைதீனும் ஒப்பமிட்டார்.

இதோடு நின்றிருந்தால் அவரை யாரும் பிடித்திருக்க முடியாது. அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய பக்தி.

எந்த வேலையை முடித்தாலும் வெல்டிங் கம்பியால் மூன்று இலக்கங்கள் போடுவது அவர் வழக்கம்: 786. ‘அல்லாஹ்வின் பெயரால்’ என்கிற பிஸ்மில்லாவின் எண் என்று கடைப் பலகையிலும் லொறி நெற்றியிலும் ஊரே போடுவதுதான். கேட்டில் போட்டார். தண்ணீர்த் தாங்கியின் காலில் போட்டார். நோன்புப் பைப்பின் அடியிலும், இறையருள் என்கிற பறக்கத்துக்காக, போட்டார். சட்டவிரோதமான வேலைக்கு பிஸ்மில்லா சொல்லலாமா என்ற கேள்வி எட்டு வருடமாக அவருக்கு எழவில்லை. வேலை சுத்தமாக இருந்தது, அது போதுமாயிருந்தது.

கடந்த வருடம், வாகனங்களில் கண்டபடி மாற்றிப் பூட்டிய சாமான்களைக் கழற்றச் சொல்லி நாடு முழுக்கப் பொலிஸ் கெடுபிடி தொடங்கியபோது, போக்குவரத்துச் சார்ஜன்ட் கிசோக் பட்டறைக்கு வந்தான். சொறிக்கல்முனைக் கத்தோலிக்கன். கையிலிருந்த போனில் ஒரு பைப்பின் படம். மூத்தவர்களை ஊர் அழைப்பதுபோல, அண்ணன் என்ற பொருளில், அவனும் அவரைக் ‘காக்கா’ என்பான்.

“காக்கா, இந்தப் பைப்பு எங்க செஞ்சது?”

மீராமுகைதீன் படத்தைத் தூரவைத்துப் பார்த்தார். “சைனாவா இரிக்கும் தம்பி.”

“சைனாக்காரன் இஸ்லாத்துக்கு வந்திட்டானா? 786 போட்டிருக்கான்.”

“அந்த நம்பர் எங்கதான் இல்ல. லொறியில இரிக்கி, கடையில இரிக்கி, கலியாணக் கார்ட்டுல இரிக்கி.”

கிசோக் அடுத்த படத்தைத் தட்டினான். பட்டறைக் கேட்டின் படம். “ரெண்டு படத்திலயும் அந்த எட்டப் பாருங்க. கீழ் வயிறு மூடாமக் கிடக்கு. நேத்து பதினொரு பைக்கு மறிச்சன். பதினொண்டுலயும் வயிறு மூடல்ல.”

எட்டைச் சுற்றி முடிக்குமுன் கம்பியைத் தூக்கிவிடுவது மீராமுகைதீனின் கைப்பழக்கம். முப்பது வருடமாக அதை அவரே கவனித்ததில்லை. கவனிக்க ஒரு சார்ஜன்ட் வேண்டியிருந்தது.

“என்ட வீட்டுக் கேட்டும் ஒங்கட வேலதான் காக்கா. குருசு வெச்சுத் தந்தீங்க, கொஞ்சம் சரிவா. அதுக்காக ரெண்டு கிழமை தாறன். வாற வெள்ளி இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளி. அண்டைக்கு ரோட்டுல இந்த நம்பரோட ஒரு பைக்கு பிடிபட்டாலும் ஒங்கட பேரும் கோர்ட்டுக்குப் போகும். பட்டறைக்கு சீல்.”

பட்டறைக்கு சீல் என்பது மற்றவர்களுக்குத் தொழில் போகிற விடயம். மீராமுகைதீனுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. மகள் ஹிமாயாவின் கலியாணத்தோடு கல்வீடு மகளுக்கும் மருமகனுக்கும் போய்விட்டது. மீராமுகைதீனும் மனைவி சல்மா உம்மாவும் பட்டறையின் பின்னறைக்கு வந்துவிட்டார்கள். கேட்டைப் பூட்டி அரக்கு வைத்தால் அரக்குக்கு உள்ளே இருப்பது அவர்களுடைய கட்டிலும்தான்.

முதல் கிழமை அவர் தேநீர்க் கடைகளில் ஏறி இறங்கினார். பழைய சைலன்சரை இலவசமாகவே பூட்டித் தருகிறேன் என்றார். பெடியன்கள் அவருக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்கள். சட்டத்தை மதிப்பதில் தங்களுக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை, ஆனால் முதலில் சம்மாந்துறை டிரக்டர்காரர்கள் மதிக்கட்டும் என்றார்கள். சம்மாந்துறையில் விசாரித்தால் முதலில் கல்முனை மதிக்கட்டும் என்றிருப்பார்கள், அவர் விசாரிக்கவில்லை.

மருமகன் நிப்றாஸிடமும் கேட்டுப் பார்த்தார். ஊரிலேயே பெரிய சத்தம் மருமகனுடையது. கலியாணத்துக்கு மாமனார் வாங்கிக்கொடுத்த வண்டி. பைப்பும் மாமனாரின் அன்பளிப்பு.

“சத்தமில்லாட்டி நான் வாறது எப்படி மாமா தெரியும்?”

“வீட்டுக்கு வந்தாத் தெரியும்தானே மகன்.”

“அதுக்குப் பொறகு என்ன வேலை அந்தச் சத்தத்துக்கு?”

மருமகனிடம் குரலை உயர்த்துகிற மாமனார் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும் அது மீராமுகைதீனாக இருக்காது.

புதன்கிழமை பின்னறையில் சோறு போடும்போது சல்மா உம்மா சாதாரணமாகச் சொன்னா:

“ரோட்டுல மாட்டுச் சாணி, சேறு, புகை. அதுக்கு நடுவுல அந்த நம்பரப் போட்டு வெச்சிரிக்கீங்க. பொலிஸுக்குப் பதில் சொல்றது இரிக்கட்டும். மேல என்ன பதில் சொல்லப் போறீங்க?”

மீராமுகைதீன் பிசைந்த சோற்றோடு நிறுத்தினார். மனைவி சொன்னது அவருடைய ஈமான் என்கிற இறைநம்பிக்கையைத் தொட்டதா, தொழில் மூளையைத் தொட்டதா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் அவரிடம் ஒரே இடத்தில்தான் இருந்தன. கையைக் கழுவிவிட்டு மௌலவியிடம் போனார். முப்பது வருடமாக ஒரு மார்க்கச் சட்டமும் கேட்டிராத மனிதர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தெரியாமல் செய்த பிழைக்கு என்ன பரிகாரம் என்று கேட்டார்.

அந்த வெள்ளி குத்பாப் பிரசங்கத்தில் மௌலவி அந்த விடயத்தை எடுத்தார். பிஸ்மில்லாவைக் குறிக்க எழுதிய ஒன்றைப் புகையிலும் சேற்றிலும் வைப்பது பெரிய அவமரியாதை என்றார். அடுத்த வீதிப் பள்ளிவாசலில் அதற்கு மறுப்புச் சொன்னார்கள். அப்படி ஓர் எண்ணுக்கு மார்க்கத்தில் ஆதாரமே இல்லை, பைப்பில் மட்டுமல்ல, எங்கே எழுதினாலும் பிழை என்றார்கள். பிறை விடயத்தில்கூட ஒருநாளும் ஒத்துப்போகாத இரண்டு பள்ளிகளும், ஒன்றையொன்று கண்டித்தபடியே, ஒரே முடிவுக்கு வந்துசேர்ந்தன: எண் அழியவேண்டும். சத்தத்தைப் பற்றி இரண்டு பள்ளியிலும் பேச்சில்லை. ஒலிபெருக்கியில் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கலாம்.

சட்டத்தாலும் மகஜராலும் சுல்பிகாவின் நூலாலும் அசையாத ஊர் சனிக்கிழமை காலையில் ஒழுங்கையில் வரிசையாக நின்றது. உம்மாமார் துரத்திவிட்டிருந்தார்கள். பெடியன்களின் கோரிக்கை மிகவும் நியாயமானது.

“காக்கா, நம்பர மட்டும் அழிச்சித் தாங்க. பைப்பு இரிக்கட்டும்.”

மீராமுகைதீன் வரிசையைப் பார்த்தார். எண் போய்விட்டால் கிசோக்கின் கையில் சான்று இல்லை. பட்டறை தப்பும். சத்தம் அப்படியே இருக்கும். எல்லோருக்கும் நல்லது. அவர் தலையாட்டினார், கிரைண்டரை எடுத்தார்.

முதல் பைப்பில் ஏழு போனது. எட்டு போகும்போது தகடும் சேர்ந்து போனது. விரல் நுழைகிற ஓட்டை.

“அடடா,” என்றார் மெதுவாக. “கை தவறிட்டு மகன். தகடு மெல்லிசு.”

“ஒட்டித் தாங்களன்.”

“ஒட்டினா ரெண்டு நாளையில விடும். ஒங்கட கம்பனி சைலன்சர் இந்தா தொங்குது. இப்பத்திக்கி அதப் பூட்டிப் போங்க. பொறகு பாப்பம்.”

இரண்டாவது பைப்பிலும் கை தவறியது. மூன்றாவதிலும். முப்பது வருடமாக நூல் பிசகாமல் வெல்டிங் அடித்த கை, அந்த ஒரு கிழமை மட்டும் ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் பிசகியது, அதுவும் எட்டின் திறந்த வயிற்றில். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குச் சந்தேகம் வராமலில்லை. ஒருவன் கேட்டும்விட்டான்.

“வேணுமெண்டுதானே செய்றீங்க காக்கா?”

“வயசு போகுது மகன். கண்ணும் மட்டு. வேணாமெண்டா நம்பரோட போங்க.”

நம்பரோடு வீட்டுக்குப் போக ஒருவனுக்கும் தைரியமில்லை. புதன்கிழமையாகும்போது சுவர் காலியாகிவிட்டது. நடந்தது தவறா தந்திரமா என்பதில் தேநீர்க் கடைகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு கட்சியின் குரல் மற்றதற்குக் கேட்கிற அளவுக்கு வீதி அமைதியாகியிருந்தது.

வியாழன் பின்னேரம் கடைசியாக நிப்றாஸ் வந்தான். வரும்போதே தெரிந்தது. ஹிமாயா வீட்டுக்குள் விட மறுத்துவிட்டாளாம். மீராமுகைதீன் கிரைண்டரைப் பிடித்தார். மரியாதையோடு கை தவறினார். சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஆணி இருந்தது. சைலன்சர் இல்லை.

“அத நான் எடுத்துத்துப் போனன் மாமா. பொத்துவில் கூட்டாளி ஒருத்தனுக்கு டெஸ்டுக்குக் குடுத்தன்.”

“அவன் தரல்லியா?”

“அவன் இன்னொருத்தனுக்குக் குடுத்திட்டான்.”

நாளைக்கு வெள்ளி. ஓட்டைப் பைப்போடு மருமகனை வீதியில் விட முடியாது. வீதியில் பிடிபடாவிட்டாலும் மகள் பிடிப்பாள். மீராமுகைதீன் தன்னுடைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டும் ஒரே கம்பனி. பதினேழு வருடமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த சைலன்சரைக் கழற்றி மருமகனுக்குப் பூட்டினார். கேட்பது மாப்பிள்ளையாக இருந்தால் கொடுப்பதுதான் வழக்கம். வீடு போன வழியில் சைலன்சரும் போனது. மருமகனின் ஓட்டைப் பைப்பு இவருடைய வண்டிக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், ஜும்ஆத் தொழுகைக்கு முன்னர் பழைய சாமான் கடையில் ஒரு சைலன்சர் எடுத்துவிடலாம் என்று அவர் புறப்பட்டார். கிளப்பியதும் சல்மா உம்மா வாசலுக்கு வந்து காதைப் பொத்தினா. அவருக்கும் பொத்த ஆசைதான். இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தன.

சந்தியில் கிசோக் நின்றான். காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறான்; அதுவரை ஒரு வண்டியும் சத்தம் போடவில்லை. தூரத்தில் வந்த சத்தத்தைக் கேட்டு அவன் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். ஆளைக் கண்டதும் கொஞ்சநேரம் கையைக் காட்டவே மறந்தான்.

குனிந்து பைப்பின் அடியைப் பார்த்தான். ஏழு இல்லை, எட்டு இல்லை, ஆறு இல்லை. ஓட்டை இருந்தது.

“நம்பரக் காணல்லையே காக்கா.”

“அழிச்சாச்சி தம்பி.”

“ஊரெல்லாம்?”

“ஊரெல்லாம்.”

கிசோக் தண்டப் புத்தகத்தை எடுத்தான். பட்டறையைப் பற்றிச் சொன்ன சொல் நம்பருக்குத்தான், நம்பர் இல்லை. சத்தத்துக்குத் தண்டம் வேறு. அதை எழுதாமல் விட முடியாது. எழுதிக்கொண்டே கேட்டான்.

“இந்த வேலை யார்ட எண்டு போட?”

“வேலை என்டதான் தம்பி. கையெழுத்துத்தான் இல்ல.”

கிசோக் ‘தெரியாது’ என்று எழுதினான். தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இந்தச் சத்தத்தோடு ஓட விட முடியாது, தள்ளிக்கொண்டு போங்கள் என்றான். அந்த நடவடிக்கையில் அந்தச் சந்தியில் அன்று எழுதப்பட்ட தாள் அது ஒன்றுதான்.

மீராமுகைதீன் தாளைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு பட்டறைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வீதியில் படுத்திருந்த மாடுகள் ஒன்றும் எழும்பவில்லை.