முத்தையா அண்ணன் காருக்குப் புது பிரேக் பேடு

வீடு தேடிப் போயி பிரேக் பேடு மாத்துற தொழில்ல காரைக் கழட்டுறது சுளுவு, கார்க்காரரைச் சமாளிக்கிறதுதான் பெரும்பாடு. என்னை மாதிரி ஸ்பேனர் பிடிச்சுப் பொழைக்கிறவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரிவாளுக்கு ஒரு நீதி

ஒத்தக்கடை முத்தையா அண்ணே ஆயுத பூசைக்கு மறுநாள் போன் போட்டார். "பிரேக்கை அமுக்குனா வண்டி நிக்காம போகுது தம்பி." போய் முன்சக்கரத்தைக் கழட்டுனா குப்புன்னு நல்லெண்ணெய் வாசம். பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க்குத் தட்டு ரெண்டும் மினுமினுங்குது, பேடு எண்ணெயில ஊறிப் போச்சு. அடப்பாவி மனுசா! கேட்டா, கொஞ்சங்கூட அசரலை.

"அரிவா, மம்பட்டிக்கெல்லாம் எண்ணெய் தடவிப் பொட்டு வச்சேன். இதுவும் இரும்புதானப்பா, இதை மட்டும் விட்டா வருத்தப்படாதா?"

காளவாசல் வரைக்கும்

பதினெட்டு வருசத்துப் பழைய வண்டி. பேடு கிடைக்காம கடை கடையா ஏறி, கடைசியில காளவாசல்ல ஒரு ஜோடி மாட்டுச்சு. அதுக்குள்ள அண்ணே நாலு போன் போட்டுட்டார். வெள்ளிக்கிழமை மகளும் பிறந்த குழந்தையும் ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வாராங்க. ஆட்டோ வைங்கண்ணே, பேடு அப்புறம் மாத்திக்கலாம்னேன். மனுசன் ஒத்துக்கலை.

"நாங்க எதுல வேணாலும் போவோம். எம்பேத்தி நம்ம கார்லதேன் வீட்டுக்கு வரணும்."

பத்தரைக்குள்ள

வெள்ளிக்கிழமை டிஸ்க்கைக் கழுவித் துடைச்சு, புது பேடு மாட்டி, சாவியை வண்டியிலயே விட்டுட்டுக் கை கழுவ குழாயடிக்குப் போனேன். புதுசா மாட்டுனா பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிச்சு இறுக்குன பிறகுதான் பிடிக்கும். அதை நான் சொல்லலை. தப்பு என்னோடதுதான்.

பத்தரைக்கு ராகுகாலமாம். அவசரத்துல அண்ணே சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழத்தை வச்சு, சம்சாரம் பாண்டியம்மா அக்காவையும் ஏத்திக்கிட்டு வண்டியை எடுத்துட்டார். வாசல் சரிவு, அதுக்குக் கீழே மேலூர் ரோடு. "தம்பீ, நிக்கலடா!" சோப்புக் கையோட ஓடுனேன். அக்காதான் ரெண்டு கையாலயும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிச்சுச்சு. நின்ன வண்டிக்கு முன்னால ஒரு முழம் தள்ளி பஸ்ஸு போகுது.

பிரேக்கை மிதிச்சு இறுக்கி, நானே ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரும்போது மணி பத்தே முக்கால். அண்ணே கடிகாரத்தைப் பாத்துட்டுத் தயங்கி நிக்கிறார். அக்கா விறுவிறுன்னு ஏறி உக்காந்துச்சு.

"ஏறுங்க. நல்ல நேரத்துல கெளம்பித்தேன் சாகப் பாத்தோம்."

பேடு மாத்துறது ஒரு மணி நேர வேலைதாங்க, ஆனா வேலை முடியிற வரைக்கும் சாவி நம்ம சட்டைப் பையில இருக்கணும்.