பாதி நிறைந்த டேங்க்

சமதரையில், நியூட்ரலில் நின்றிருந்த அந்த டேங்கர் லாரி, யாரும் தொடாமலே ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. நான் முன்சீட்டில் இருந்தேன். அந்த ஒரு முழத்தை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் பால் ஆலையில் ஆய்வகப் பொறுப்பில் இருந்த காலம் அது. இயற்பியல் பட்டதாரி என்ற கர்வம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு கிடையாது. அந்த வாரம் விடாத மழை. லாரியின் டேங்கில் பாதிதான் சேர்ந்திருந்தது. இருப்பதைத் தக்கலைக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கச் சொன்னார் மேனேஜர். டிரைவர் மறுத்துவிட்டான். என்னைவிட இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். தலைச்சன் பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"ஏலே, பாதி லோடுக்கு என்னடே பயம்?"

"நெறஞ்ச டேங்குன்னா கொண்டு போவேன் சார். பாதின்னா மாட்டேன். எறக்கத்துல வண்டி நிக்கும், பாலு நிக்காது."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். படித்தவள் சொல்லட்டும் என்றார். நானும் யோசிக்காமல் சொன்னேன்: மூடிய பாத்திரத்துக்குள் எது அலைந்தாலும் வண்டியை அது தள்ளாது, உள்ளிருக்கும் விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். "கேட்டியா? சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ" என்றார் அவர்.

அவன் சாவியைக் கொடுக்கவில்லை. "அக்கா, ஒரு தடவ ஏறி இரிங்க. பொறவு சொல்லுங்க" என்றான்.

ஏறினேன். ஆலை முற்றத்திலேயே மெல்ல ஓட்டி, பிரேக்கை அழுத்தினான். வண்டி நின்றது. உடனே நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுத்தான். முதுகுக்குப் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். லாரி முன்னால் போனது. அப்போதுதான் புரிந்தது. பாத்திரமும் பாலும் சேர்ந்த மொத்தத்துக்கு நான் சொன்ன விதி சரி. ஆனால் பிரேக் நிறுத்தியது வண்டியை மட்டும்தான். பால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறைந்த டேங்கில் அதற்கு ஓட இடமில்லை, பாதி டேங்கில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காயை வைத்து ஒருவன் பிழைப்பில் மண் போடப் பார்த்திருக்கிறேன்.

இறங்கினேன். லோடுமேன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருந்தாலும் சொன்னேன்: "நான் சொன்னது தப்பு சார். வண்டி போவக் கூடாது." படித்தவளே இப்படி மாற்றி மாற்றிப் பேசலாமா என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். இன்னும் சத்தமாக அதையே திரும்பச் சொன்னேன். கடைசியில் பாலை டிரம்களில் விளிம்புவரை நிரப்பி, மூடி, வேறு லாரியில் இறுகக் கட்டி அனுப்பினார்கள். அரை நாள் போயிற்று. அவன் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் வெட்கமாகப் போயிருக்கும்.

அவன் பிறகு வளைகுடாவுக்குப் போய்விட்டான். இன்று வேறொரு ஆலையில் நான்தான் மேனேஜர். போன மழையில் புது டிரைவர் ஒருவன் சிரித்தான்: "பாதி லோடுதானே மேடம், சும்மா பறந்துருவேன்." முடியாது என்றேன். முதலாளிக்கு போன் போட்டான். அவரும் என்னிடம் கத்தினார். "என் வேலைய வேணும்னா எடுத்துக்கிடுங்க சார், இந்த வண்டி ஆலை கேட்டத் தாண்டாது" என்று சொல்லி போனை வைத்தேன். டிரைவர் முறைத்துக்கொண்டே டிரம் ஒன்றை உருட்ட ஆரம்பித்தான். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த டிரம்மைப் பிடித்தேன்.