பாதி என்ற சொல்

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு மொழி செய்தேன். கம்ப்யூட்டருக்கான மொழி. மொத்தம் பதினான்கு சொற்கள். கோழித் தீவனம் கலப்பதைத் தவிர அதில் வேறு எதையும் சொல்ல முடியாது.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணைக்கு மருமகளாக வந்தவள் நான். கணிதம் படித்துவிட்டு, சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவுக்காரர் ஒருவரிடம் என் கணவர் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். டி.வி.யோடு இணைத்து, கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற்றி ஓட்டுகிற வகை. கூடவே ஒரு குட்டி பிரிண்டர். மாமனார் அதைப் பார்த்துச் சிரித்தார். "கோழி இதுல முட்டை வெக்குமா?" என்றார்.

பண்ணையில் தீவனம் கலந்தது ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். குஞ்சுக்கு ஒரு கலவை, வளர்கோழிக்கு ஒன்று, முட்டைக்கோழிக்கு ஒன்று என்று எல்லா அளவும் அவர் மனதில் இருந்தன. சரக்கு மாறும்போதெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போடுவார். அந்த வேலையை மெஷினுக்குக் கொடுக்கலாம் என்றுதான் நான் ஆரம்பித்தேன்.

மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் தவிடு, புண்ணாக்கு, உப்பு எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். அக்கா எழுத்துகளை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார். அதன்பின் மொழியைத் திருத்துவதே அவர்தான் என்றாகிவிட்டது.

"ஏனுங்க அம்மிணி, 'சேர்'னு ஒவ்வொரு வரியிலயும் எதுக்குங்க? தவிடுன்னா சேக்கறதுக்குத்தானே, எடுக்கறதுக்கா?"

'சேர்' போனது. வேறொரு நாள், "ஒரு டன்னுக்கு எழுதுனதை அரை டன்னுக்கு மாத்தோணும்னா எல்லா நெம்பரையும் மறுக்கா அடிக்கோணுங்களா? 'பாதி'ன்னு ஒரு வார்த்தை வெச்சா ஆகாதுங்களா?" என்றார்.

அன்று மாலைக்குள் வைத்துவிட்டேன். அந்தச் சொல்லைப் பார்த்ததும், அதுவரை படித்த அளவுகளையெல்லாம் மெஷின் பாதியாக்கும். எழுதிப் பார்த்தபோதெல்லாம் அதைக் கடைசி வரியாகத்தான் போட்டோம். சரியாக வந்தது. அக்கா கை தட்டினார். நாங்கள் இருவரும் அந்த டி.வி. முன்னால் சிரித்த சிரிப்பைப் பார்த்து என் மாமியார் என்னவோ ஏதோவென்று வந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு பங்குனியில் புதுக் குஞ்சுகள் வந்தன. அவற்றுக்குக் கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் ஒரு மருந்துத் தூள் கலக்க வேண்டும். புதிதாக வந்த தூள். அளவு கொஞ்சம் கூடினாலும் ஆகாது. அக்கா அரை டன்னுக்கு எழுதினார். எல்லாச் சரக்கையும் அடித்து, 'பாதி' என்றும் அடித்தபிறகுதான் மருந்து விட்டுப்போனது நினைவு வந்திருக்கிறது. கீழே ஒரு வரி சேர்த்தார். எந்த மனிதரிடம் சொல்லியிருந்தாலும் எல்லாமே பாதி என்றுதான் புரிந்துகொண்டிருப்பார். என் மெஷின் மேலே இருந்ததை மட்டும் பாதியாக்கி, கீழே இருந்த மருந்தை ஒரு டன்னுக்கான அளவிலேயே அச்சடித்துக் கொடுத்தது. அக்கா அதை அப்படியே எடைபோட்டுக் கலந்தார்.

நான்காம் நாள் குஞ்சுகள் கால் விரிந்து படுத்தன. மறுநாள் காலை கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை. டாக்டர் வந்து மருந்துப் பையையும் அச்சடித்த தாளையும் கேட்டார். "ரெட்டிப்பா விழுந்திருக்குங்க" என்றார்.

"யாரு எழுதுனது?" மாமனார் கேட்டார்.

"நாந்தானுங்க" என்றார் அக்கா. "எங்கயோ தப்பா அடிச்சுப்போட்டனாட்ட இருக்குதுங்க."

டாக்டரிடமிருந்து தாள் என் கைக்கு வந்தது. ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. 'பாதி'க்குக் கீழே மருந்து. அவர் தப்பாக அடிக்கவில்லை. நான்தான் தப்பாகச் செய்திருந்தேன்.

வாயைத் திறக்கவில்லை. அந்த மெஷினைப் பார்க்க ராசிபுரத்திலிருந்தெல்லாம் பண்ணைக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். மாமனாரே அவர்களிடம் என்னைப் பெருமையாகக் காட்டத் தொடங்கியிருந்தார். இதெல்லாம் காரணமாகுமா என்று தெரியவில்லை. ஆனால் அதுதான் காரணம்.

அக்கா அழுதுகொண்டே செத்த குஞ்சுகளைக் கூடையில் அள்ளினார். அள்ளி முடித்ததும் மாமனார், "நாளைக்கிருந்து வர வேண்டாம்" என்றார்.

அந்த வாரமே கணவரிடம் சொன்னேன். "செத்தது திரும்பியா வரப்போகுது? விடு" என்றார்.

இரண்டு மாதம் விட்டிருந்தேன். பிறகு ஒருநாள் காலையில் பஸ் ஏறித் தம்மம்பட்டிப் பக்கம், அக்கா போய்ச் சேர்ந்திருந்த அவர் தங்கையின் ஊருக்குப் போனேன். மரவள்ளிக் காட்டிலிருந்து வந்தவர், "அம்மிணியா! வாங்க, உக்காருங்க" என்று முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

தாளில் எழுதிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப மருந்தை மேல எழுதியிருந்தாச் சரியா வந்திருக்குமுங்களா?"

"வந்திருக்கும்க்கா."

"நானு தெனமும் நெனைச்சுப் பாப்பனுங்க, எந்த நெம்பரை மாத்தி அடிச்சேன்னு." தாளில் 'பாதி'க்குக் கீழே விரலை வைத்தார். "உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுதுங்க?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் துணிவில்லை.

"அன்னைக்கே. தாளைக் கையில வாங்குனதுமே."

"குஞ்சுகளை அள்ளுனனே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

அவர் என் கையை விட்டார். எழுந்து உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. அவருடைய தங்கைதான் வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார்.

ஊர் திரும்பியதும் மாமனாரிடம் சொன்னேன். அவர் எழுந்து போனார். மறுநாள் ஆள் அனுப்பி அக்காவை வரச் சொன்னார். இங்கேயே வேலை இருக்கிறது, வர முடியாது என்று பதில் வந்தது. நானும் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

புரோகிராமைத் திருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை.