பெயர் எழுதாத பதின்மூன்று செவ்வாய்கள்

வீடு போய்விடப் போகிறது என்று நினைத்துக்கொண்டே ஒரு தவக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். கதவு இடுக்கில் கடிதம் விழும் சத்தம் கேட்டால் இன்றும் கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்க்கிறேன். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைத்தால் அது நன்றி கெட்ட செயல். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். என் பிழையையும் சேர்த்துத்தான்.

என் சொந்த இடம் மன்னார். இப்போது லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே உள்ள சின்ன வீட்டில் மகள் மிரியத்துடன் வாடகைக்கு இருக்கிறேன். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மூக்குக்கண்ணாடி வில்லைகளில் கீறல் இருக்கிறதா என்று பரிசோதிக்கும் வேலை எனக்கு. பதினொரு வருடம் செய்தேன். கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த வேலையிடத்தை மூடிவிட்டு வேலையை வேறு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்கு ஒரு கேக்கும் ஒரு கடிதமும் தந்தார்கள்.

பெனிபிட் என்ற அரசாங்க உதவிப்பணம் கேட்க எனக்கு வெட்கம். ஊரில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள், இங்கே ஒரு நாளும் யாரிடமும் கை நீட்டாதவள் என்ற பெருமை உள்ளே இருந்தது. கையில் இருந்தது முடிந்த பிறகுதான் தை மாதக் கடைசியில் மகளைப் பக்கத்தில் இருத்தி விண்ணப்பத்தை நிரப்பினேன். வாடகை உதவிப் பகுதியில், உங்களோடு வேறு பெரியவர்கள் யாரும் வசிக்கிறார்களா என்று ஒரு கேள்வி. இல்லை என்று போட்டோம். அது உண்மை. ஆனால் என் வீட்டு விலாசத்தில் வேறொருவருடைய பெயரும் இருந்தது. அது என் நினைவுக்கே வரவில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முதல் நாள் பெனிபிட் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். மரியசீலன் என்று ஒரு ஆண் உங்கள் விலாசத்தில் பதிவாகியிருக்கிறார், அவர் யார் என்று கேட்டார். தெரிந்தவர் என்றேன். உங்களோடு வசிக்கிறாரா? இல்லை. பிறகு, மிகவும் மரியாதையாக, அவர் உங்கள் துணைவரா என்று கேட்டார்.

ஐயோ, இல்லை என்றேன். மிரியம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சீலன் மாமாவோ? அம்மா, சீரியஸ்லி, அவருக்கு ஒழுங்கா ஒரு சொக்ஸ் சோடிகூட இல்லை!"

"வாயை மூடு. வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அவள் சிரித்தாள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

சீலன் யார் என்று சொல்ல வேண்டும். என் கணவரின் நண்பர் ஒருவருடைய தம்பி. நான்கு வருடத்துக்கு முன் இங்கே வந்தபோது, "அக்கா, கடிதம் வாறதுக்கு மட்டும் உங்கட விலாசத்தைப் பாவிக்கட்டோ?" என்று கேட்டான். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. என் கணவரும் வந்த புதிதில் இன்னொருவர் வீட்டு விலாசத்தில்தான் கடிதம் வாங்கினார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வங்கி, டொக்டர், வேலையிடம் எல்லாவற்றுக்கும் என் விலாசத்தைக் கொடுத்தான். ஒரு இரவுகூட என் வீட்டில் படுத்ததில்லை. சனிக்கிழமைகளில் வருவான், கடிதங்களை எடுப்பான், நின்றபடியே தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவான்.

பிறகு ஏன் வருவதை நிறுத்தினான்? அதற்கும் நான்தான் காரணம். வேலையிடம் மூடப்படும் என்ற கதை வந்த கார்த்திகை மாதம், நான் யார்மேல் எரிந்து விழலாம் என்று இருந்த நேரம் அவன் வந்து கதவைத் தட்டினான். "இதென்ன வீடோ, போஸ்ட் ஒபிஸோ?" என்று கத்திவிட்டேன். "ஓம் அக்கா, பிழைதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை. போன் எண்ணும் வேலை செய்யவில்லை. கடிதங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. கதவுக்குப் பின்னால் ஒரு கடைப் பையில் போட்டு வைத்தேன்.

அலுவலகத்துப் பெண் கேட்டது நியாயம்தான். அவர் வேறு இடத்தில் வசிக்கிறார் என்பதற்கு அவருடைய கையெழுத்தும் விலாச ஆதாரமும் வேண்டும், அது கிடைக்கும்வரை வாடகைப் பகுதியை நிறுத்தி வைக்கிறோம் என்றார். ஆளே இல்லாமல் ஆதாரத்துக்கு எங்கே போவேன்? அவன் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்குப் போனேன். விட்டுவிட்டுப் போய்ப் பல மாதம் என்றார்கள்.

வீட்டு ஏஜென்சியிலிருந்து முதலில் நினைவூட்டல் வந்தது. பிறகு எச்சரிக்கை. பிறகு நீதிமன்றம் என்ற சொல்லோடு ஒரு கடிதம். உள்ளூராட்சிக் கவுன்சிலில் கேட்டேன். நீதிமன்றக் கட்டளை வந்தால் வாருங்கள், இருவரையும் எங்காவது வைப்போம், லண்டனுக்குள் என்று சொல்ல முடியாது என்றார்கள். மிரியத்துக்கு அந்தக் கோடையில் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ லெவல் பரீட்சை. அவள் படித்துக்கொண்டிருந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று நினைப்பேன்.

காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தரும்படி நாங்கள் புனித அந்தோனியாரைத்தான் கேட்போம். எங்கள் கோவிலில் செவ்வாய் மாலை அவருக்குத் தமிழில் நவநாள் வழிபாடு நடக்கும். சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. மன்றாட்டை ஒரு துண்டில் எழுதிப் போட்டால், ஆசீருக்கு முன் சத்தமாக வாசிப்பார்கள், எல்லோரும் சேர்ந்து மன்றாடுவார்கள். பதின்மூன்று செவ்வாய் செய்வதாக நேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு துண்டிலும் ஒரே வசனம்: "காணாமற்போன ஒருவர் கிடைக்க வேண்டும்."

பெயர் எழுதவில்லை. நான் விதவை. ஒரு ஆணின் பெயரை நான் தேடுகிறேன் என்று கோவிலில் வாசித்தால் ஆட்கள் என்ன கதைப்பார்கள்? அலுவலகத்துப் பெண் கேட்ட அந்தக் கேள்வி என் காதில் இன்னும் நின்றது. என் கையெழுத்தைத் தெரிந்த பிலோமினா அக்காதான் துண்டுகளை வாசிப்பவர். ஐந்தாம் கிழமையோ ஆறாம் கிழமையோ என்னை வாசலில் பிடித்தார்.

"யாரையடி ஒவ்வொரு கிழமையும் தேடுறாய்? பெயரைச் சொன்னால் அந்தோனியாருக்கும் லேசு, எனக்கும் லேசு."

"அவருக்குத் தெரியும் அக்கா."

"அவருக்குத் தெரியும். பஸ் பிடிச்சு வாற மனிசர் எங்களுக்குத் தெரியாதே!"

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

பதின்மூன்று செவ்வாய் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் இருந்தேன். அழுகைகூட வரவில்லை. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று அன்று உண்மையாகவே நம்பினேன். உயிர்த்த ஞாயிறு எப்போது வந்து போனது என்றுகூட எனக்கு நினைவில்லை. நான் விசுவாசத்தில் உறுதியாக நின்றேன் என்று எழுதினால் அது பொய்.

அடுத்த நாள் பெட்டி கட்டத் தொடங்கினேன். கதவுக்குப் பின்னாலிருந்த பையை எடுத்து, அவன் கடிதங்களை எல்லாம் அனுப்பியவர்களுக்கே திருப்பிவிடலாம் என்று கொட்டினேன். அதில் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கடிதங்கள். ஒன்றில் 'அவசரம்' என்று சிவப்பில் அடித்திருந்தது. நான் பிரிக்கவில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பதின்மூன்று கிழமையாக இந்த மனிதனைத் தேடினேன், என் வீட்டுக்காக. அவன் உயிரோடு இருக்கிறானா, சுகமாக இருக்கிறானா என்று ஒரு தடவையாவது கேட்டேனா? தனக்கு என்ன நோய் என்று சொல்லும் கடிதம் என் கதவுக்குப் பின்னால் கிடக்க, அவன் எங்கே கிடக்கிறானோ!

அடுத்த செவ்வாய் மறுபடி போனேன். நேர்த்தி முடிந்துவிட்டது, அது கணக்கில் இல்லாத செவ்வாய். துண்டில் எழுதினேன்: "மன்னார் மரியசீலனுக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்திருக்கிறது. அவன் சுகமாக இருக்க வேண்டும்." கீழே என் பெயரையும் எழுதினேன். என் வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பிலோமினா அக்கா அதை வாசிக்கும்போது நான் தலை குனிந்துகொண்டேன். கடைசி வரிசையில் ஒருவர் வேலை உடுப்போடு இருந்தார். சீலனோடு ஒரே உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். அது அன்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. ஏஜென்சி ஆட்கள் என்று நினைத்து மெதுவாகக் கதவைத் திறந்தேன். சீலன் நின்றான். பாதியாக மெலிந்திருந்தான்.

"அக்கா, கடிதம் வந்ததாம். எடுத்துக்கொண்டு போயிடுறன். உள்ளுக்கு வரேல்லை."

இத்தனை நாளாக அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்த ஏச்சுகள் ஒன்றும் வாயில் வரவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்து இருத்தினேன். அவன் கடிதத்தைப் பிரித்து வாசித்தான். நுரையீரலில் ஏதோ நிழல், திரும்பப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகுதான் என் கதையைச் சொன்னேன்.

அவன் இருந்தது ஒரு கடைக்கு மேலே, ஆறு பேரோடு ஓர் அறையில். இத்தனை பேரை வைத்திருப்பது வெளியே தெரிந்துவிடும் என்று அதை வாடகைக்கு விட்டிருந்தவர் போட்ட ஒரே நிபந்தனை, அந்த விலாசத்துக்குக் கடிதம் வரக்கூடாது. அதனால்தான் என் விலாசம்.

"அப்ப நீ அந்த விலாசத்தை எழுதித் தந்தால்?"

"எழுதித் தாறன் அக்கா."

"உன்ர இடம் போயிடுமடா. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சால் எழுதேலாது. பேனையைத் தாங்கோ."

எழுதினான். வங்கிக்கும் வேலையிடத்துக்கும் அந்த விலாசத்தையே மாற்றிக் கொடுத்து, அந்த ஆதாரங்களையும் கொண்டுவந்து தந்தான். மிரியம் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி அலுவலகத்துக்கு அனுப்பினாள். அவளுடைய கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் வாடகை உதவி நின்ற மாதங்களுக்கும் சேர்த்து வந்தது. ஏஜென்சி வழக்கைக் கைவிட்டது. நாங்கள் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். எனக்கு ஒரு பாடசாலைச் சமையலறையில் அரை நாள் வேலை கிடைத்திருக்கிறது. சீலனின் நுரையீரலில் இருந்தது குணப்படுத்தக்கூடியது என்று டொக்டர்கள் சொல்லி, மருந்து நடக்கிறது. ஆண்டவருக்குத் தோத்திரம்.

இங்கே முடித்தால் நல்ல சாட்சியாக இருக்கும். ஆனால் முடிக்க என் மனச்சாட்சி விடவில்லை. புது விலாசத்துக்கு முதல் கடிதம் போன கிழமையே சீலனை அந்த அறையிலிருந்து வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அதை அவன் எனக்குச் சொல்லவில்லை, பிலோமினா அக்காதான் சொன்னார். இப்போது லூயிஷாமில் ஒரு நண்பருடைய வீட்டு சோபாவில் படுக்கிறான். என் வீட்டில் வைத்திருக்கலாமா என்று ஏஜென்சியைக் கேட்டேன். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் மட்டும்தான், மூன்றாவது ஆள் வந்தால் வீட்டை விட வேண்டும் என்றார்கள். என் வீட்டைக் காப்பாற்றியவனை என் வீட்டில் படுக்க வைக்க எனக்கு வழியில்லை. இந்தப் பாரத்தோடுதான் நன்றி சொல்கிறேன். ஆண்டவர் இந்த நன்றியையும் ஏற்றுக்கொள்வார்.

என்னில் மாறியது இதுதான். நான் இப்போது பெயர் சொல்லி மன்றாடுகிறேன். வெட்கத்துக்கு அஞ்சி மூடி வைத்த மன்றாட்டைப் பதின்மூன்று கிழமை கோவிலே சேர்ந்து மன்றாடியும் ஒருவராலும் உதவ முடியவில்லை. பெயரைச் சொன்ன மூன்றாம் நாள் அவன் என் வாசலில் நின்றான். வேலை போய், வாடகை நின்று, யாருக்கும் சொல்லாமல் இதை வாசித்துக்கொண்டு இருப்பவர்களே, தயவுசெய்து வாய் திறந்து சொல்லுங்கள். கடவுளிடமும் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். கேட்க வேண்டிய உதவியைப் பிந்தாமல் கேளுங்கள்.

புதிதாகப் பதின்மூன்று செவ்வாய் தொடங்கியிருக்கிறேன். இது நான்காவது. துண்டில் எழுதுவது: "மரியசீலனுக்கு ஓர் அறை வேண்டும். அவன் பெயருக்குக் கடிதம் வரக்கூடிய கதவு வேண்டும்." அன்று கடைசி வரிசையில் ஒருவர் இருந்தார். இதை வாசிப்பவர்களிலும் ஒருவர் இருப்பார் என்று நம்புகிறேன்.